குளிரில் உறங்குகிறவரின் இதயம்

(காவேரிப்பட்டினத்தில் ஒரு மார்கழி மாலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இதயத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று இந்த அறக்கட்டளையார் கேட்டார்கள். கொழுப்பு, சர்க்கரை, நடைப்பயிற்சி என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். அதையெல்லாம் வாட்ஸ்அப்பில் என்னைவிடத் தைரியமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது குளிர். அதிலும், குளிரில் படுத்துத் தூங்குகிறவரின் இதயம். தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர் ஒருவர், "ஏன் சார், மாங்கா விளையிற ஊர்ல குளிரைப் பத்திப் பேசினா யார் கேப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் தொலைவுக்கு, காரகோரம் மலைக்கு, அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

2016 பிப்ரவரி 3, விடிகாலை. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் என்றொரு காவல் நிலை. 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் பொறுப்பில் இருந்த இடம். பெரிய பனிச்சுவர் ஒன்று பெயர்ந்து விழுந்து, அங்கே இருந்த பத்துப் பேரையும் மூடிவிட்டது. பத்தில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை மாவட்டங்களுக்கு ஆளுக்கொருவர். நான்காமவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் குடிசாதனப்பள்ளியைச் சேர்ந்த சிப்பாய் ராமமூர்த்தி. மூவர் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தினர். அவர்களில் ஒருவர் தார்வாட் மாவட்டத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத்.

யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றே நாடு முடிவுகட்டியிருந்தது. மீட்புக் குழுவினர் மோப்ப நாய்களோடும் பனி வெட்டும் கருவிகளோடும் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். ஆறாம் நாள், பிப்ரவரி 8 இரவு, 25 அடிக்கும் கீழே ஹனுமந்தப்பாவைக் கண்டுபிடித்தபோது அவருக்கு நாடி இருந்தது. மெலிந்த நாடி; ஆனால் இருந்தது. மலையிலேயே இருந்த மருத்துவர்கள் சூடேற்றிய குளுக்கோஸும், வெதுவெதுப்பாக்கிய ஈர ஆக்ஸிஜனும் கொடுத்து, உடலை மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். மறுநாள் டெல்லி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே வெளியான அறிக்கையை அப்போது நான் வரி வரியாகப் படித்தேன். நீர்ச்சத்து வற்றியிருந்தது. உடல் குளிர்ந்திருந்தது. ஆக்ஸிஜனும் ரத்தச் சர்க்கரையும் குறைந்து, நினைவில்லாமல், அதிர்ச்சி நிலையில் இருந்தார். நிமோனியா, கல்லீரல் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் இருந்தன. உறைபனிக் காயமும் எலும்பு முறிவும் இல்லை. அடுத்த ஓரிரு நாட்கள் கடினமானவை என்று சொன்ன அந்த அறிக்கை, காரணத்தையும் சொல்லியிருந்தது: உடல் சூடேறும்போதும், குளிர்ந்துபோன பாகங்களுக்கு ரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கும்போதும் வரும் சிக்கல்கள். பிப்ரவரி 11 முற்பகலில் அவர் இறந்தார்.

ஆறு நாள் பனிக்கடியில் துடித்த இதயம், மீட்டெடுத்த மூன்றாம் நாள் நின்றுவிட்டது. இதைச் செய்தித்தாளில் படித்த பலருக்கு விதி என்று தோன்றியிருக்கும். எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கு அது குளிர்ந்த உடல் நடந்துகொள்ளும் முறை.

முதலில், ஆறு நாள் எப்படித் துடித்தது? வெளியே மைனஸ் நாற்பதுக்கும் கீழே இருந்திருக்கும். ஆனால் பனிக்கு அடியில் அந்தக் குளிர் இல்லை. பனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. வீசும் காற்றையும் உள்ளே விடாது. நசுங்கிய கூடாரத்துக்குள் கொஞ்சம் காற்றிடமும், உடம்பின் மேல் உடுப்பும் இருந்தால், உடல் வெப்பம் இறங்குவது நிதானமாக நடக்கும். உடல் குளிரக் குளிர அதன் செலவும் குறைகிறது. உள்வெப்பம் 28 டிகிரி செல்சியஸுக்கு வந்தால் உடலுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் ஏறத்தாழப் பாதிதான். குளிர்ந்த மூளை பசி பொறுக்கும். குளிர்ந்த இதயம் சிக்கனமாகத் துடிக்கும்.

1999இல் நார்வேயில் அன்னா போகன்ஹோம் என்ற இளம் மருத்துவர் பனிச்சறுக்கில் தவறி, ஓடையின் பனிப்பாளத்துக்கு அடியில் 80 நிமிடம் சிக்கினார். மீட்டபோது இதயம் நின்றிருந்தது, உள்வெப்பம் 13.7 டிகிரி. ட்ரோம்ஸோ மருத்துவமனையில் அவருடைய ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துச் சூடாக்கி உள்ளே செலுத்தினார்கள். அவர் பிழைத்தார், பிறகு மருத்துவப் பணிக்கே திரும்பினார். குளிர்ந்த நிலையில் ஒருவரை இறந்தவர் என்று அறிவிக்கக் கூடாது, சூடாக்கிப் பார்த்த பிறகும் உயிர் திரும்பாவிட்டால்தான் அறிவிக்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. மீட்ட பிறகு ஏன் போனது? ஹனுமந்தப்பாவின் உடலுக்குள் எது எந்த வரிசையில் நடந்தது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். நம் உள்வெப்பம் 37. அது 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். 32 வரை உடல் நடுங்கிப் போராடும். அதற்கும் கீழே போனால் நடுக்கம் நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர், "நடுக்கம் நின்னுருச்சு, தூங்கிட்டாரு" என்று நிம்மதியடையும் நேரம் அது. உண்மையில் பயப்பட வேண்டிய நேரமும் அதுவே. இதயத்தில் மின்சாரம் ஓடும் வேகம் தளர்கிறது. துடிப்பு நாற்பது, முப்பது என்று இறங்குகிறது. ஈ.சி.ஜி.யில் ஒரு தனிக் கூன் எழும்புகிறது. 1953இல் அதை விவரித்து எழுதிய ஆஸ்போர்ன் பெயரால் அதை ஆஸ்போர்ன் அலை என்கிறோம். (தமிழ்நாட்டில் படித்த மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத் தேர்வுக்காக வரைந்ததோடு சரி.) 28-க்குக் கீழே இதயத் தசை தொட்டாற்சுருங்கியாகிவிடும். ஆளைப் புரட்டினாலும் வெடுக்கென்று தூக்கினாலும் கீழறைகள் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுத் தாறுமாறாக அதிரத் தொடங்கலாம். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பது அதுதான். ரத்தம் வெளியேறாது, சில நிமிடத்தில் உயிர் போகும். கை கால்களை முதலில் சூடாக்கினால் அங்கே தேங்கிக் கிடந்த குளிர்ந்த ரத்தம், அமிலத்தையும் பொட்டாசியத்தையும் சுமந்துகொண்டு, நேரே இதயத்துக்குத் திரும்பும். கம்பளி போர்த்திய பிறகும் உள்வெப்பம் இன்னும் கொஞ்சம் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சியாச்சினில் 1984 ஏப்ரல் 13 முதல் நம் ராணுவம் இருக்கிறது. இதுவரை அங்கே இறந்தவர்கள் 800-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோரின் உயிரை எடுத்தது எதிரியின் குண்டு அல்ல. பனிச்சரிவும் குளிரும் உயரமும்தான். செய்தியில் வருவது பனிச்சரிவு மட்டும். அங்கே மாதக் கணக்கில் சும்மா படுத்துத் தூங்கி எழுவதே இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதை 1990இல் இந்தர் ஆனந்தும் அவருடைய குழுவினரும் லான்செட் இதழில் எழுதினார்கள். 5,800 முதல் 6,700 மீட்டர் உயரத்தில் சராசரியாகப் பத்து வாரத்துக்கும் மேல் இருந்த 21 இந்திய வீரர்கள். கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கிக்கொண்டு கீழே வந்தார்கள். இளைஞர்கள், மலையேறும் முன் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு இருந்தது இதயச் செயலிழப்பு. வலப்பக்க இதயம் பெருத்திருந்தது. கீழே இறக்கிச் சில மாதம் வைத்திருந்ததும் வீக்கமெல்லாம் வடிந்து சரியாகிவிட்டது. ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகும். இறுகிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே வலது இதயம் களைத்துப்போகும். முதன்மைக் காரணம் உயரம்தான். குளிரும் அதே குழாய்களை இறுக்கும், ஆகவே இரண்டையும் அங்கே பிரித்துப் பார்ப்பது கடினம்.

உயரத்தில் இரவு இன்னும் மோசம். தூங்கியதும் மூச்சு தாளம் தப்பும். ஆழமாக நாலைந்து மூச்சு, பிறகு பத்துப் பதினைந்து விநாடி மூச்சே இல்லை, பிறகு திடுக்கென்று மறுபடி மூச்சு. மூச்சு நிற்கும்போது இதயம் தயங்குகிறது, திரும்பும்போது ஓடுகிறது. இரவு முழுக்க இதே கதை. அங்கே பணியாற்றித் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: குளிரைவிட, தூக்கத்தில் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்ததைத்தான் முதலில் சொல்வார்கள்.

சியாச்சினில் நடப்பதைப் பேசி முடித்தேன். இப்போது மலையை விட்டு இறங்குவோம். உயரத்தைக் கழித்துவிட்டுக் குளிரை மட்டும் பார்ப்போம்.

நல்ல தூக்கத்தில் இதயத்துக்கு விடுமுறை. துடிப்பு குறைகிறது, ரத்த அழுத்தம் பகலைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் இறங்குகிறது, உள்வெப்பமும் கொஞ்சம் தணிகிறது. இந்தத் தணிவு இரவில் வராதவர்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் அதிகம் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அறை குளிர்ந்திருந்தால் தோலில் உள்ள நரம்புகள் விடுமுறையைக் கலைத்துவிடுகின்றன. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தோட்டத்தில் ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டை விரலால் அமுக்கினால் மோட்டார் முக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ரத்தம் தோலை விட்டு உள்ளே ஒதுங்குகிறது. உள்ளே ரத்தம் கூடிவிட்டதாகச் சிறுநீரகம் நினைத்துக்கொண்டு நீரை வெளியேற்றுகிறது. மார்கழி இரவில் வீட்டுப் பெரியவர் மூன்று தடவை எழுந்து போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு முறையும் போர்வைக்குள்ளிருந்து குளிர்ந்த கொல்லைப்புறத்துக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏறுகிறது. நீர் போகப் போக, மிச்ச ரத்தம் கெட்டிப்படுகிறது.

எவ்வளவு கெட்டிப்படும்? 1984இல் லண்டனில் கீட்டிங் என்ற உடலியலாளரும் அவருடைய குழுவினரும் ஆட்களைக் குறைந்த உடையில் ஆறு மணி நேரம் காற்றோட்டத்தில் இருக்கவைத்தார்கள். ரத்தத்தின் பிசுபிசுப்பு 21 சதவீதம் கூடியது. சிவப்பணு, தட்டணு எண்ணிக்கையும் ஏறியது. ரத்த அழுத்தம் சராசரி 126/69-இலிருந்து 138/87 ஆனது. அந்த அறையின் வெப்பநிலை என்ன தெரியுமா? 24 டிகிரி. ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு மேல்சட்டை இல்லாமல் படுப்பவருக்கு 24 டிகிரி குளிர் என்றே தோன்றாது. ஆனால் அவருடைய தட்டணுக்களுக்குத் தோன்றுகிறது.

தூங்குகிறவருக்கே தெரியாமல் இது நடக்கும் என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சான்று. 2009இல் ஒகமோட்டோ-மிசுனோ குழுவினர் இளைஞர்களை 3, 10, 17 டிகிரி அறைகளில் நல்ல மெத்தை போர்வையோடு தூங்கவைத்தார்கள். தூக்கத்தின் ஆழத்தில் பெரிய வேறுபாடில்லை. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்றே சொன்னார்கள். ஆனால் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தை ஆளும் நரம்புச் சமநிலை, குளிர்ந்த அறைகளில் மாறியிருந்தது. குளிர் உறைக்கவில்லை என்று நோயாளி சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம்.

விடியலுக்கு வருவோம். மாரடைப்பு அதிகம் தொடங்குவது காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் என்று 1985இலேயே ஜேம்ஸ் முல்லர் குழு காட்டிவிட்டது. எழும் நேரத்தில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறுகின்றன, படுத்திருந்த உடல் நிமிர்கிறது, அழுத்தம் எகிறுகிறது. நாளின் மிகக் குளிர்ந்த நேரமும் அதுவே. இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதன்மேல் நாம் ஒரு குடம் பச்சைத் தண்ணீரையும் ஊற்றுகிறோம். ஐயப்ப சாமிக்கு மாலை போட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். முகத்தில் குளிர்நீர் பட்டால் இதயத்தை மெதுவாக்கச் சொல்லி ஒரு நரம்பு உத்தரவிடுகிறது. உடம்பில் பட்டால் வேகப்படுத்தச் சொல்லி இன்னொன்று உத்தரவிடுகிறது. இந்த இரண்டு உத்தரவும் ஒரே நேரத்தில் வந்து மோதினால் துடிப்பு ஒழுங்கு தப்பலாம் என்று ஷட்டாக், டிப்டன் இருவரும் 2012இல் எழுதினார்கள். இருபத்தைந்து வயதுச் சாமிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அறுபது வயதில், ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, பதினெட்டாவது வருஷம் மலைக்குப் போகிறேன் என்று வருகிற குருசாமி முதலில் காலில் ஊற்றட்டும், பிறகு கையில், கடைசியில் தலையில். வெந்நீரில் குளித்தால் விரதம் கெடுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு நான் பதில் சொன்னால் அது என் துறைக்கு வெளியே போய்விடும். எனக்குத் தெரிந்த குருசாமிகள் சிலர் கெடாது என்கிறார்கள்.

இப்போது அமைப்பாளரின் கேள்விக்கு வருகிறேன். மாங்காய் ஊரில் குளிரா?

1997இல் ஐரோப்பாவின் பல பகுதிகளில் குளிர்கால மரணங்களை ஒப்பிட்டு லான்செட்டில் ஓர் ஆய்வு வந்தது. வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் மரணம் எத்தனை சதவீதம் கூடுகிறது என்று பார்த்தார்கள். தென் பின்லாந்தில் 0.27. ஏதென்ஸில் 2.15. பனி கொட்டுகிற பின்லாந்தைவிட வெயில் காயும் கிரேக்கத்தில் ஏறத்தாழ எட்டு மடங்கு. வெளியே 7 டிகிரி இருக்கும்போது பின்லாந்துக்காரர் வீட்டுக்குள் 21.7 டிகிரி, ஏதென்ஸில் 19.2. தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போனவர்கள் பின்லாந்தில் 72 சதவீதம், ஏதென்ஸில் 13. அடுத்த ஆண்டு அந்த ஆய்வாளர்களில் சிலர் கிழக்கு சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரைப் பற்றி எழுதினார்கள். அங்கே குளிர் மைனஸ் 48 வரை இறங்கியும் அதனால் மரணம் கூடவில்லை. வீடு சூடாக இருந்தது. வெளியே போகிறவர் நாலு அடுக்கு உடுத்தியிருந்தார். மிகக் கடுங்குளிரில் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். நம் நாட்டிலும் பத்து லட்சம் மரணங்கள் ஆய்வின் தரவை வைத்து 2018இல் வெளியான கணக்கு, கடுங்குளிரும் கடும் வெயிலும் எடுத்த உயிர்களைவிட மிதமான குளிர் எடுத்த உயிர்கள் மிக அதிகம் என்று காட்டியது. பக்கவாதமும் இதய நோயும் அதில் முன்னணியில் நின்றன.

குளிருக்குப் பயந்தவர் பிழைக்கிறார். குளிரே இல்லை என்று இருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். இந்தக் கணக்கில் நாம் பின்லாந்து அல்ல, ஏதென்ஸ்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். நம் ஊர் அதில் பாதிதான், ஆனால் தென்பெண்ணைக் கரையில் விடிகாலைப் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தை மாதத்தில் 12, 13 டிகிரிக்கு இறங்குவதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. ஜூஜூவாடி, அத்திப்பள்ளி வழியாகப் போகும் சாலையோரத்தில் லாரிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துத் தூங்குகிறவருக்கு யார் 18 டிகிரி கொடுப்பது?

டிசம்பர், ஜனவரிக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம், சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்ட பிறகு நான் கேட்பது, ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்பது. தொழிற்பேட்டைக் காவலாளி ஒருவர் படுக்கும் முறையைச் சொல்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி எதிரெதிரே. ஒன்றில் உட்கார்ந்து, மற்றதில் காலை நீட்டிக்கொள்கிறார். குரங்குக் குல்லா இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது. காலில் செருப்பு மட்டும். நாற்காலியின் முதுகில் இருக்கும் ஓட்டைகள் வழியாகக் காற்று நேரே முதுகுக்கு வருகிறது. மணிக்கு ஒரு தடவை எழுந்து கேட்டுக்குப் போய் லாரிக்கு வழிவிட்டு, கையெழுத்து வாங்கிவிட்டு வருகிறார். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வயது ஐம்பத்தைந்துக்கு மேல், பி.பி. மாத்திரை உண்டு. கோடையில் அழுத்தம் குறைந்தபோது பாதியாக்கிய மாத்திரையை மார்கழியில் யாரும் கூட்டவில்லை. எனக்குத் தெரிந்து அந்த நாற்காலிகளைப் பற்றி எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் குறிப்பெழுதியதில்லை. தீயணைக்கும் உருளைக்கு மட்டும் மாதாமாதம் சீட்டு ஒட்டுகிறார்கள்.

இன்னொரு படுக்கை, கட்டுமான ஷெட். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள் பத்துப் பேர் சிமென்ட் தரையில் ஒரு போர்வை விரித்து, ஒரு போர்வை போர்த்திப் படுக்கிறார்கள். மேலே இரும்பு ஷீட். பகலில் அடுப்பு; இரவில் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப்போகும். அவர்களுடைய மூச்சின் ஈரமே ஷீட்டில் பட்டுக் குளிர்ந்து, விடிகாலையில் சொட்டுச் சொட்டாக அவர்கள் போர்வைமேல் விழும். இளம் வயது, இதயம் தாங்கும். ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கும் இதே பருவம்தான் நெருக்கடி. பிப்ரவரி 14-க்குப் பூ ஏற்றுமதி ஆக வேண்டும் என்பதால், குளிர் உச்சத்தில் இருக்கும் விடியலில் அவர்கள் வேலைக்கு நிற்கிறார்கள்.

போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. தூங்குகிறவர் வெப்பத்தை இழப்பது மேலே மட்டும் அல்ல, கீழேயும்தான். சிமென்ட் தரை விடிய விடிய உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சும். இரண்டு போர்வை இருந்தால் ஒன்றை மடித்துக் கீழே போடுங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டாலும் போதும். அதன் நடுவே இருக்கும் காற்று காப்பாகிறது. நம் மாவட்டத்துக் குறும்பர்கள் ஆட்டு ரோமத்தில் நெய்யும் கம்பளி குத்தும், கனமாக இருக்கும், நாறவும் செய்யும். ஆனால் நனைந்த பிறகும் சூடு காக்கும். தலையையும் பாதத்தையும் மூடுங்கள். உள்ளே சட்டை ஈரமாக இருந்தால் கழற்றிவிட்டுப் படுங்கள்.

நெருப்பு மூட்டிக் குளிர் காய்வது நம் மரபு. நெடுநல்வாடையிலேயே கூதிர்காலத்து இடையர்கள் நெருப்பை ஏந்தி நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் நின்றது வெட்டவெளி. கதவைச் சாத்திய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அப்படித் தூங்கி எழாமல் போனவர்களைப் பற்றி ஏறக்குறைய ஆண்டுதோறும் படிக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இருக்கையை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தவிப்பது இதயமும் மூளையும். தூங்குகிறவருக்கு எச்சரிக்கையே வராது.

குளிருக்கு ஒரு குவார்ட்டர் என்பார்கள். உள்ளே போனதும் சூடாகத்தான் இருக்கும். தோலின் குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்க வேண்டிய வெப்பம் வெளியே போகிறபோது தோன்றும் சூடு அது. நடுக்கம் வரவேண்டிய நேரத்தில் வராது, சர்க்கரை இறங்கும், தூக்கம் அழுத்தும். வட இந்தியக் குளிர்காலங்களில் நடைபாதையில் விறைத்துக் கிடப்பவர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்களுக்கு இந்தக் கூட்டணி நன்றாகத் தெரியும்.

கடைசியாக, விடிகாலையில் நீங்களே யாரையாவது அப்படிக் கண்டால் என்ன செய்வது? சந்தைக்குப் போகும் வழியில், பஸ் நிலையப் பெஞ்சில், தாத்தா ஒருவர் சில்லிட்டுக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 108. நாடி பார்க்கிறவர் பத்து விநாடியில் கையை எடுத்துவிடாதீர்கள். கழுத்தில் விரலை வைத்து ஒரு முழு நிமிடம் பொறுங்கள், குளிர்ந்த இதயம் அவ்வளவு மெதுவாகத் துடிக்கும். மூச்சும் நாடியும் அறவே இல்லையென்றால் நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். நாடி இருந்தால், தூக்கி உட்காரவைக்காதீர்கள், நடக்கவிடாதீர்கள், குலுக்காதீர்கள். படுத்த வாக்கிலேயே, நாலு பேர் சேர்ந்து மெதுவாக, காற்று படாத இடத்துக்கு மாற்றுங்கள். ஈரத் துணியை வெட்டி எடுத்துவிட்டுக் காய்ந்த துணி போடுங்கள், கீழேயும் மேலேயும். சூடு கொடுப்பதாக இருந்தால் மார்பு, அக்குள், கழுத்துப் பக்கம்; வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள், தோலில் நேராக வைத்தால் அவருக்குச் சுடுவதுகூடத் தெரியாமல் கொப்பளித்துவிடும். உள்ளங்கையையும் பாதத்தையும் பரபரவென்று தேய்க்க நம் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், தேய்க்காதீர்கள். தைலமும் வேண்டாம். டீ கொடுக்கலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். நினைவு தெளிந்து, பெயரைக் கேட்டால் சரியாகச் சொல்லி, டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க முடிந்தால் கொடுங்கள், சர்க்கரை தூக்கலாக.